ஒற்றைக் கண்ணுக்குத் திறக்கும் சுவர்

விடிகாலை ஐந்தரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக அம்மா தன் நெரைக்கு நடப்பாள். பள்ளி விடுமுறையென்றால் நானும் பின்னால் ஓடுவேன். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில், தட்டைத் தரையில் இருந்த தோட்டம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் கயிறு பிடித்து நட்ட பால்மரங்கள். இருட்டு கலைந்ததும் நான் செய்கிற முதல் வேலை, இரண்டு நெரைகளுக்கு நடுவே நின்று தூரத்தைப் பார்ப்பதுதான். பக்கத்து மரங்கள் கை விரித்தாலும் எட்டாது. போகப் போக இரண்டு வரிசையும் நெருங்கி நெருங்கி, கடைசியில் ஊசிக் காதளவு வெளிச்சத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“அங்க ரெண்டு நெரையும் ஒட்டிக்கிச்சும்மா” என்றேன் ஒரு நாள்.

அம்மா மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போய்ப் பாரு. நீ போகப் போக அது தள்ளித் தள்ளிப் போவும்.”

போனேன். தள்ளித்தான் போனது. ஒட்டியிருந்த மரங்கள் நான் வர வர விலகி வழிவிட்டன. திரும்பிப் பார்த்தால், அம்மா நின்ற பக்கத்தில் இப்போது நெரை ஒட்டியிருந்தது. அன்றைக்கு எனக்குப் புரியாத இன்னொன்றும் அங்கே இருந்தது. மரத்தில் கட்டியிருந்த பால் மங்குகள் அப்போது ஏறக்குறைய என் கண் உயரம். எனக்கு அவை எல்லாம் மட்டம் பிடித்த ஒரே கோடாகத் தெரிந்தன. அம்மாவுக்கோ அதே மங்குகள் தூரம் போகப் போக மேலே ஏறுவதாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவள் கண் அவற்றுக்கு மேலே இருந்தது. ஒரே நெரைதான், ஆனால் ஆளுக்கொரு படம். மங்குகளும் மரங்களும் போய்ச் சேரும் அந்தப் புள்ளி தோட்டத்தில் எங்கேயும் இல்லை. பார்க்கிறவரின் கண்ணுக்கு நேர் எதிரே, கண்ணின் உயரத்திலேயே, அது கூடவே நடந்து வருகிறது.

இந்தப் புள்ளியைச் சுவரில் பிடித்து நிறுத்த இத்தாலியர்கள் நூறு வருடத்துக்கு மேல் பாடுபட்டார்கள். ஓவியப் பள்ளிகளில் இதைப் பெர்ஸ்பெக்டிவ் என்கிறார்கள். நான் இந்த அத்தியாயத்தில் தூரக்கணக்கு என்றே எழுதப் போகிறேன், கணக்குத்தான் அதில் பாதி என்பதால்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கண்ணுக்கு முன்னால் 60 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அப்பால் தெரிவதை அப்படியே அதன்மேல் பேனாவால் வரைகிறீர்கள். இரண்டு நெரைகளுக்கு நடுவே 6 மீட்டர் இடைவெளி, நெரையில் மரத்துக்கு மரம் 4 மீட்டர் என்றும் கொள்வோம். முதல் ஜோடி மரங்கள் 4 மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. கண்ணாடியில் அவற்றுக்கு இடையே உள்ள அகலம் 90 சென்டிமீட்டர் வரும். இரண்டாம் ஜோடி 8 மீட்டரில், அகலம் 45. மூன்றாவது 30, நான்காவது 22.5, ஐந்தாவது 18. நூறாவது ஜோடி 400 மீட்டரில் நிற்கும். கண்ணாடியில் அதன் அகலம் 9 மில்லிமீட்டர்தான். தூரம் எத்தனை மடங்கோ, படம் அத்தனையில் ஒரு பங்கு. ஒத்த முக்கோணங்கள் என்று இடைநிலைப்பள்ளியில் படிப்பதுதான். இதற்கு மேல் ஒரு சூத்திரமும் தேவையில்லை.

தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் இருக்கிறது. வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றே மாடி. அதற்கு முன்னால் போய் நின்று, அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளாதவர் பேராக்கில் குறைவு. கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 25 மீட்டர். நூறு மீட்டர் தள்ளி நின்றால், நீட்டிய கைக்குள் 15 சென்டிமீட்டராக அடங்கிவிடும். நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்கிற இந்த வேலையில் பிளாரன்ஸ் நகரத்துக் கண்டுபிடிப்பு முழுவதும் இருக்கிறது.

பிளாரன்சுக்கு முன்னாலும் ஓவியர்களுக்கு இது அரைகுறையாகத் தெரியும். 1305-ஐ ஒட்டி ஜொத்தோ பாதுவா நகரத்துச் சிறு தேவாலயம் ஒன்றின் சுவரில், வளைந்த கூரையும் தொங்கும் விளக்குமாக இரண்டு பொய் அறைகளை வரைந்தார். இன்றைக்கும் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அங்கே உண்மையான அறைகள் இருப்பதாக நினைக்கிறார்கள். 1344-இல் சியெனா நகரத்து அம்புரோஜியோ லொரென்சேத்தி, தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சியில் தரைக்கற்களின் கோடுகள் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் தரையை விட்டுக் கண்ணை உயர்த்தினால் பின்னால் தங்கத் தகடுதான். தூரம் தரையோடு நின்றுவிட்டது.

நெரை ஒட்டுவதை வரைவது சுலபம். மரத்துக்கு மரம் இடைவெளி எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள். ஒவ்வொரு இடைவெளியையும் முந்தியதில் மூன்றில் இரண்டு பங்காக வைத்தால் போதும் என்பது அந்தக் காலத்துப் பட்டறை வழக்கம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேலே போட்ட கணக்கை வைத்துச் சரிபார்ப்போம். நெரை சேரும் புள்ளியிலிருந்து ஒரு பக்கத்து மரங்கள் கண்ணாடியில் 45, 22.5, 15, 11.25, 9, 7.5 சென்டிமீட்டரில் விழும். இடைவெளிகள் 22.5, 7.5, 3.75, 2.25, 1.5. முதல் முறை மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது, அடுத்து பாதியாக, பிறகு ஐந்தில் மூன்றாக, அதற்கும் பிறகுதான் மூன்றில் இரண்டாக. அதற்கு அப்புறம் விகிதம் மெல்ல மெல்ல ஒன்றை நோக்கி ஏறிக்கொண்டே போகும். பட்டறைக்காரர்களின் சூத்திரம் முழு நெரையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரி. நின்றுபோன கடிகாரமும் ஒரு நாளில் இரண்டு முறை சரியான நேரம் காட்டும் என்பார்களே, இதற்கு அந்தப் பெருமையில் பாதிதான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஓவியர் இல்லை. பிலிப்போ புரூனெல்லெஸ்கி பொற்கொல்லராகத் தொழில் கற்றவர், பிறகு கட்டடக்காரர். பிளாரன்ஸ் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை 1420 முதல் 1436 வரை எழுப்பியவர். அதற்கு முன்போ அதே காலத்திலோ, அவர் அந்தப் பேராலய வாசலில் ஒரு பரிசோதனை செய்து காட்டினார். எதிரே இருக்கும் எண்கோண ஞானஸ்நான மண்டபத்தை ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் வரைந்தார். பலகை காணாமல் போய்விட்டது. அதைக் கையில் பிடித்துப் பார்த்ததாக அந்தோனியோ மனேத்தி என்பவர் எழுதி வைத்த வரலாறுதான் நமக்கு மிச்சம்.

மனேத்தி சொல்லும் விவரங்கள் ருசியானவை. வாசலுக்கு உள்ளே மூன்று முழம் தள்ளி நின்று அந்தக் காட்சி வரையப்பட்டது. அவர்கள் முழம் நம்முடையதைவிட நீளம், கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர். பலகையில் ஓர் ஓட்டை. படம் வரைந்த பக்கத்தில் அது மைசூர்ப் பருப்பு அளவு, பின்பக்கம் கூம்பாக விரிந்து ஒரு தங்கக் காசு அளவு. பார்க்க வருகிறவர் பலகையின் முதுகுப் பக்கம் கண்ணை வைக்க வேண்டும். இன்னொரு கையில் ஒரு கண்ணாடியைப் படத்துக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். ஓட்டை வழியாகத் தெரிவது கண்ணாடியில் விழும் படம். கண்ணாடியை இறக்கினால் தெரிவது மண்டபமேதான். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடாது. வானத்தை அவர் வரையவே இல்லை. அந்த இடத்தில் மெருகேற்றிய வெள்ளித் தகட்டை ஒட்டிவிட்டார். அன்றைய மேகம் அன்றைய காற்றில் அந்தப் படத்துக்குள் நகர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது வெள்ளி இல்லை, ஓட்டை. ஒரு படத்தைப் பார்க்க எதற்கு ஓட்டை? நல்ல ஓவியம் என்றால் முன்னால் நின்று இரண்டு கண்ணாலும் பார்க்கலாமே? புரூனெல்லெஸ்கிக்குத் தெரிந்திருந்தது: தன் படம் ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும்தான் உண்மை. ஒரு விரற்கடை இடம் மாறினாலும் கோடுகள் பொய் சொல்லத் தொடங்கும். அதனால் பார்க்கிறவரின் கண்ணை ஆணி அடித்து நிறுத்தினார். இரண்டாவது கண்ணை வேண்டாமென்று விலக்கினார். எந்தத் தூரத்தில், எந்த உயரத்தில், எந்தக் கண்ணால் என்று எல்லாவற்றையும் பருப்பு அளவுத் துளை தீர்மானித்துவிட்டது. வரைந்தது மண்டபத்தை என்றாலும், உண்மையில் அவர் பலகையில் பதித்து வைத்தது ஓர் ஆள் நிற்கும் இடத்தை.

கண்ணுக்குள் வெளிச்சம் நேர்கோட்டில் வந்து சேர்கிறது என்ற அடிப்படையே ஐரோப்பாவில் பிறந்ததில்லை. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபியில் எழுதிய ஒளியியல் நூல் லத்தீனுக்குப் போய், இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய எண்ணத்தை உதறியவர் அவர். ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பிய அதே தலைமுறை.

பெரிய கோயிலின் உள்சுற்றிலும் ஓவியங்கள் உண்டு. நாயக்கர் கால வண்ணத்தின் அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். அங்கே திரிபுரம் எரிக்கும் சிவன் பிரம்மாண்டம், மற்றவர்கள் சிறியவர்கள். அது தூரத்தின் அளவு இல்லை, மதிப்பின் அளவு. கற்றச்சர்களுக்குத் தூரம் தெரியாமல் இல்லை. ராமேஸ்வரத்தின் மூன்றாம் பிராகாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அது எங்கள் நெரையைக் கல்லில் செய்து வைத்தது போலவே இருக்கும். கல்லில் கட்டியதைச் சுவரில் வரைய வேண்டுமென்று நம் ஓவியர்களுக்குத் தோன்றவில்லை. பக்தர் பிராகாரம் சுற்றுகிறவர். சுற்றி வருகிறவரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் படம் அங்கே எதற்கு? ஈப்போவுக்கு வடக்கே, 1926-இல் தொடங்கிய பேராக் தோங் குகைக் கோயிலுக்குப் போனால் இதே எண்ணம் எனக்கு இன்னொரு முறை வரும். சீன மலைக்காட்சி மரபில் மலையும் மேகமும் ஆறும் தனித்தனி இடத்திலிருந்து பார்த்தவை. கண் அந்தப் படத்துக்குள் நடந்து போகும். ஐரோப்பியப் படம் மட்டும்தான் “அசையாதே” என்கிறது. அதை முன்னேற்றம் என்று பள்ளிப் புத்தகங்கள் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது ஒரு தேர்வு, அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு.

பிளாரன்சுக்குத் திரும்புவோம். புரூனெல்லெஸ்கியைவிட இளையவரான மசாச்சோ 1427-ஐ ஒட்டி சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் சுவரில் திரித்துவ ஓவியத்தைத் தீட்டினார். ஆறரை மீட்டருக்கும் அதிக உயரம். மேலே பீப்பாயைப் பிளந்தது போன்ற வளைகூரை, கட்டம் கட்டமாக உள்ளே போகிறது. அதன் கீழே சிலுவை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எலும்புக்கூடு. ஈரச் சாந்தில் கீறிய கோடுகள் இன்றும் தெரிகின்றன. கணக்குப் போட்டுத்தான் வரைந்திருக்கிறார். கூரையின் கோடுகள் வந்து சேரும் புள்ளி சிலுவையின் அடியில், தரையில் நிற்கும் சராசரி ஆளின் கண் உயரத்தில் இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டுவிட்டார்களோ என்று தோன்றுவதாக, ஒரு நூற்றாண்டு கழித்து வந்த ஓவியர் வசாரி வியந்து எழுதினார். வியந்த அதே வசாரிதான் 1570-வாக்கில் அந்தச் சுவருக்கு முன்னால் புதிய பீடமும் படமும் வைத்து அதை மறைத்தார். 1860-வாக்கில்தான் அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. மறைந்து கிடந்த வகையில் தஞ்சைக்கும் பிளாரன்சுக்கும் இந்த ஓர் ஒற்றுமை. மசாச்சோ இருபத்தேழு வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார்.

பட்டறை வழக்கத்தைப் புத்தகத்தில் போட்டு உடைத்தவர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி, 1435-இல். மூன்றில் இரண்டு சூத்திரம் தப்பு என்று எழுதி, சரியான வழியையும் சொன்னார். தரையை முன்னாலிருந்து பார்க்காதே, பக்கவாட்டில் பார் என்பதுதான் அந்த வழி. கண் ஓர் ஓரத்தில், தரையில் சம இடைவெளிப் புள்ளிகள் மறு ஓரத்தில், நடுவே நிமிர்ந்த ஒரு கோடு. கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் நூல் இழுத்தால், நடுக்கோட்டை நூல்கள் வெட்டும் இடங்களே படத்தில் வரவேண்டிய இடைவெளிகள். நான் மேலே போட்ட வகுத்தல் கணக்கை அவர் நூலாலும் கோலாலும் செய்தார், அவ்வளவுதான். அடுத்த வருடம் இத்தாலிய மொழியில் வந்த அதன் வடிவத்தைப் புரூனெல்லெஸ்கிக்கே காணிக்கையாக்கினார்.

வழி தெரிந்ததும் விளையாட்டு தொடங்கியது. மாந்துவா அரண்மனையில் மந்தேனியா 1474-இல் முடித்த அறையின் கூரையில் வட்டமாக வானம் திறந்து, அதன் விளிம்பிலிருந்து பெண்களும் குழந்தைகளும் ஒரு மயிலும் எட்டிப் பார்க்கிறார்கள். மிலானில் பிரமாந்தே கட்டிய சாந்தா மரியா தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் இடமே இல்லை, தெரு குறுக்கே வந்துவிட்டது. 1480-களில் அவர் ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் சுதையைச் சரித்துக் கட்டி, நீண்ட மண்டபம் ஒன்று உள்ளே போவதுபோலக் காட்டினார். வாசலிலிருந்து பார்த்தால் மண்டபம். பக்கத்தில் போனால் அலமாரி. ரோமில் சாந்த் இஞ்ஞாசியோ தேவாலயத்தின் கூரையில் 1694 வாக்கில் அந்திரேயா பொஸ்ஸோ முடித்த ஓவியத்துக்குத் தரையில் ஒரு சலவைக்கல் வட்டமே பதித்திருக்கிறார்கள். அங்கே நில், அண்ணாந்து பார். வட்டத்தை விட்டு நகர்ந்தால் கூரையின் தூண்கள் எல்லாம் உன் தலையில் சாயும்.

புரூனெல்லெஸ்கியின் ஓட்டை இப்படித்தான் வட்டக் கல்லாக மாறியது. இன்றைக்கு அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ரோமுக்குப் போக வேண்டியதில்லை. ஈப்போ பழைய நகரம் போதும்.

2014-இல் லித்துவேனியாவிலிருந்து வந்த எர்னெஸ்ட் சகாரெவிச் என்ற ஓவியர், ஒரு காப்பி நிறுவனத்தின் ஆதரவில் ஈப்போ பழைய நகரத்துச் சுவர்களில் வரைந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு பினாங்கில், லெபோ ஆர்மேனியன் தெருவில், நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி அதில் இரண்டு பிள்ளைகளை வரைந்து பெயர் வாங்கியவர். ஈப்போவில் கிண்ணத்தோடு ஒரு கிழவர், காகித விமானத்தில் பறக்கும் சிறுவர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ. பெச்சா என்கிற நிஜ மிதிரிக்‌ஷா ஒன்றைச் சுவரோடு பொருத்தி அதற்கு ஓர் ஆளை வரைந்ததும் உண்டு. புது நகரப் பக்கம் ஒரு சந்து முழுக்க உள்ளூர் ஓவியர் எரிக் லாய் வரைந்த சுவர்களும் இருக்கின்றன. வெயிலும் மழையும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லுமலை முருகனைப் பார்த்துவிட்டு அம்மாவையும் என் பேத்தியையும் அங்கே கூட்டிப்போனேன். அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இடது கண்ணைச் சர்க்கரை எடுத்துக்கொண்டது. பெச்சாவுக்கு ஆறேழு மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுல எது வரைக்கும்யா நெசம்?”

பேத்தி சிரித்துவிட்டாள். “சக்கரம் நெசம் பாட்டி, தாத்தா பெயின்ட்டு. பாத்தாலே தெரியல?”

அம்மாவுக்குத் தெரியவில்லை. அது வயதால் இல்லை. நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு, ஆறரை சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு படத்தை வாங்குகிறது. அந்த வித்தியாசத்தைப் படித்துத்தான் மூளை பக்கத்துப் பொருளின் ஆழத்தை அளக்கிறது. இரும்புச் சக்கரம் சுவரை விட்டு வெளியே நிற்கிறது, இரண்டு கண்ணுக்கும் அது வேறு வேறு. வரைந்த ஆள் சுவரோடு சுவர். எவ்வளவு நன்றாக நிழல் தீட்டினாலும் இரண்டு கண்ணும் அவரை ஒரே மட்டத்தில்தான் பார்க்கின்றன. பேத்தியின் மூளைக்கு யோசிக்காமலே விடை வந்துவிட்டது. ஒற்றைக் கண்ணுக்கு அந்த விடை கிடைப்பதில்லை. அது நிழலையும் கோட்டையும் அளவையும் நம்ப வேண்டியதுதான். அவை எல்லாவற்றையும் ஓவியர் ஏமாற்றக் கற்றவர்.

லியனார்தோ தா வின்சி இதைக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார்: எவ்வளவு திறமையாகத் தீட்டினாலும் ஓவியம் நிஜப் பொருளைப் போலப் புடைத்துத் தெரியாது, ஒற்றைக் கண்ணால் பார்த்தாலொழிய. அதனால்தானோ என்னவோ, 1498-இல் முடித்த கடைசி இராவுணவில் அவர் பார்வையாளரை ஏமாற்றவே முயலவில்லை. கோடுகள் எல்லாம் இயேசுவின் நெற்றிப்பொட்டில் சேர்கின்றன, ஆணி அடித்த தடம்கூட அங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி தரையிலிருந்து நான்கு மீட்டருக்கு மேல். அந்தக் கூடத்தில் சாப்பிட்ட எந்தத் துறவியின் கண்ணும் அந்த உயரத்தில் இருந்ததில்லை. புரூனெல்லெஸ்கியின் ஓட்டையை லியனார்தோ ஆளில்லாத இடத்தில் வைத்தார். இரண்டு கண்ணின் கதை முழுதும் புரிய 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் சார்ல்ஸ் வீட்ஸ்டன் இரண்டு கண்ணாடிகளை வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி, தாளில் இருந்த கோடுகளைக் காற்றில் புடைத்து நிற்க வைத்தார். அந்தக் கட்டுரையில் லியனார்தோவை நினைவுகூரவும் அவர் மறக்கவில்லை.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். சுவரோவியத்துக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பவர்கள் எல்லோரும் ஓவியத்தைவிட அதிகமாகப் பார்ப்பது திரையைத்தான். அவர்களை நான் குறை சொன்ன காலம் உண்டு. யோசித்தால், அவர்கள்தான் இந்தக் கலையைச் சரியாகப் பார்க்கிறார்கள். கேமராவுக்கு ஒரே கண். படம் எடுத்த மாத்திரத்தில் இரும்புச் சக்கரமும் ஒரே மட்டம், பெயின்ட் தாத்தாவும் ஒரே மட்டம், பெச்சாவில் உட்கார்ந்த என் பேத்தியும் ஒரே மட்டம். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்த இரண்டாவது கண் போய்விட்டது. நேரில் பார்க்கும்போது சுமாராக இருந்த மாயம் திரையில் கச்சிதமாக ஒட்டிக்கொள்கிறது. பேத்தி அந்தப் படத்தை அவள் அம்மாவுக்கு அனுப்பினாள்; அங்கிருந்து வந்த முதல் கேள்வி, “எது வரைக்கும் ரியல்?”

நாற்காலியில் இருந்த அம்மா அதற்குள் வேறொரு வழியைப் பிடித்திருந்தாள். தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். கண் போனதிலிருந்து வந்த பழக்கம். டம்ளரை எடுக்கும்போதும் அப்படித்தான் செய்வாள். தலை நகர்ந்தால் பக்கத்துப் பொருள் வேகமாக நகரும், தூரத்துப் பொருள் மெதுவாக நகரும். ஒரு கண்ணே இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணின் வேலை நடந்துவிடும். சக்கரம் சுவருக்கு எதிராக நகர்ந்தது, தாத்தா நகரவில்லை. “ஆளு சும்மா பெயின்ட்டு” என்றாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அசையாதே என்று சொல்லும் படத்துக்கு முன்னால் அவள் அசைந்துவிட்டாள்.

அசைந்தாலும் உடையாத மாயம் ஒன்றும் எங்கள் லயத்து வீட்டில் இருந்தது. சாமி படம். கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதி, சிவகாசியில் அச்சாகி, கப்பலேறி, மளிகைக்கடை நாள்காட்டியாகத் தோட்டத்துக்கு வந்த படங்களைத் தெரியாதவர் இங்கே யார்? கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். தர்பார், நந்தவனம், நீண்ட தெரு என்று படுதாவில் ஆழம் காட்டுவது அந்தத் தொழில். அந்தத் தர்பார்த் தரைதான் பிறகு லட்சுமியின் பின்னாலும் முருகனின் பின்னாலும் கட்டம் கட்டமாக உள்ளே போனது. பிளாரன்சின் தூரக்கணக்கு இங்கிலீஷ்காரன் நடத்திய ஓவியப் பள்ளிகள் வழியாகவும் நாடக மேடை வழியாகவும் எங்கள் பூசை மாடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் வந்த இடத்தில் அது அடங்கிப் போயிற்று. தரை ஓரிடத்தில் நிற்கச் சொல்லும். சாமியோ நேராகப் பார்க்கும். அறையில் எந்த மூலைக்குப் போனாலும் சாமி நம்மையே பார்ப்பதாகச் சின்ன வயதில் பயந்திருக்கிறேன். அதுவும் தட்டைப் பலகையின் வேலைதான். நிஜ முகமென்றால் நாம் பக்கத்தில் நகரும்போது அதன் காது தெரியும், பார்வை நம்மை விட்டு விலகும். தாளில் இருக்கும் முகத்துக்குக் காட்ட வேறு பக்கம் இல்லை. எங்கிருந்து பார்த்தாலும் கருவிழி கண்ணின் நடுவேதான். பெச்சாத் தாத்தாவைக் காட்டிக்கொடுத்த அதே தட்டைத்தன்மை முருகனுக்குக் கைகொடுத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றாள். பால்மரம் எல்லாம் போய் வருடக்கணக்காகிறது. இப்போது செம்பனை. செம்பனையை முக்கோணமாக நடுவார்கள். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் சம தூரத்தில் ஆறு மரங்கள். நடுவே நின்றால் ஒரு நெரைக்குப் பதிலாக ஆறு திசையில் ஆறு சந்து திறக்கும், ஆறும் ஒன்றுபோலவே தூரத்தில் ஒட்டும். வழி தவறுவதற்கென்றே நட்டதுபோல. லயம் இருந்த இடம், ஆயாக்கொட்டகை, பெரட்டுக்களம் எதுவும் புலப்படவில்லை. காரை நிறுத்திய இடத்திலிருந்தே நான் கைவிட்டுவிட்டேன்.

அம்மா இறங்கினாள். கிழக்கே தெரிந்த சுண்ணாம்புக்கல் மலையைப் பார்த்தாள். அதன் உச்சியில் பல் போனதுபோல ஒரு வெட்டு இருக்கிறது. தச்சர் பலகையின் நேர் பார்ப்பதுபோல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூட வேண்டிய இன்னொரு கண்ணும் இல்லை.

“நம்ம நெரைல நின்னா மரம் ஒட்டுற எடத்துக்கு நேரா மேல அந்த ஓட்டை இருக்கும். தெனம் பாத்துக்கிட்டே வெட்டுவேன்.”

பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினாள். மலை மரங்களுக்குப் பின்னால் மெல்ல நகர்ந்தது. பத்துப் பன்னிரண்டு அடி போய் நின்றாள், ஓர் அடி பின்னால் வந்தாள், தலையை லேசாக ஆட்டிப் பார்த்தாள். காய்ந்த மட்டைகளின் நடுவே செருப்பைத் தேய்த்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

“இங்கதான்.”

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கு எதிரே ஒரு செம்பனை அடிமரம்தான் தெரிந்தது. அவள் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். “குனி. அப்ப நீ இம்புட்டு ஒசரமா இருந்த?”